சண்டைக்கு ஒரு சொல், பிரிவுக்கு ஒரு சொல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அந்த அரை மணி நேரத்தைக் கடந்து வந்தபோது, வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது. காரணம் சத்தம். புகுந்த வீட்டின் முன்பக்கம் வீடு, பின்பக்கம் விசைத்தறிச் செட். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த வலைமாதிரித் துணிதான் அங்கே நெய்வார்கள். காலையில் மோட்டாரைப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் தறிகள் வாயை மூடும். அந்த இரைச்சலோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிதாகியிருந்தது.

எல்லோரையும்விடப் பெரிய தொண்டை அக்காவுக்கு. அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. வ. புதுப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வயல்காட்டின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகியவள். மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டுக்கு மூத்தவள் அவள்தான். நான் வந்த முதல் வாரத்தில் அடுப்படியில் ஏதோ கேட்டேன். அவள் காதில் விழவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"ஏட்டி, என்ன முணுமுணுக்கே? இந்த வீட்டுல மெதுவாப் பேசினா ஒனக்குச் சோறுகூடக் கெடைக்காது. வாயத் தொறந்து பேசு!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் அப்பா வீட்டில் யாரும் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. விடிகாலையில் கோபுரத்துப் பக்கமிருந்து வரும் மணிச் சத்தத்துக்கு எழுந்து, அதைவிடக் குறைந்த சத்தத்தில் அன்றைய நாளை நடத்தி முடிக்கிற குடும்பம். அந்த வீட்டில் இருந்துகொண்டு கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள் நான். தறிச் செட்டில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. "இங்கிலீசு படிச்ச பிள்ள" என்று அக்கா சொல்லும்போது அது பாராட்டா, கிண்டலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை.

இரண்டு வருஷத்தில் நானும் கத்தக் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். எதற்கெல்லாம் சண்டை போட்டோம் என்று கேட்டால் எதற்குப் போடவில்லை என்று யோசிக்க வேண்டியிருக்கும். கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவது, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா, குழம்புக்குப் புளி எம்புட்டு. எவ்வளவு கோபத்திலும் நான் 'நீங்க'வை விட்டதில்லை. அவளும் 'ஏட்டி'யை விட்டதில்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருந்தார். ஆரம்பத்தில் எங்கள் சத்தம் கேட்டதும் "ஏமைந்தி, ஏமைந்தி" என்று, என்ன ஆச்சோ எனப் பதறிக்கொண்டு மதில்மேல் எட்டிப் பார்ப்பார். பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சத்தம் கேட்காத நாட்களில்தான் வந்து விசாரிப்பார்.

ஆனால் அடுப்பு ஒன்றுதான். சண்டை போட்ட கையோடு அவள் சோறு வடிப்பாள், நான் குழம்பு இறக்குவேன், ஒரே பந்தியாக எல்லோரும் சாப்பிடுவோம்.

வீட்டு ஆண்களின் விஷயம் வேறு. அவர்கள் கத்தவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள்.

நெய்து இறக்கியதும் துணி பழுப்பாக, கஞ்சி வாடையோடு இருக்கும். அதற்குக் காடாத் துணி என்று பெயர். அதை அப்படியே உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடுவதுதான் மாமனார் காலத்திலிருந்து வழக்கம். அவர்கள் வாங்கி, வெளுத்து, சுருட்டி, வெளியூருக்கு அனுப்புவார்கள். அதை நாமே செய்தால் என்ன என்று என் வீட்டுக்காரருக்கு ஓர் எண்ணம் வந்தது. செட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி வெளுக்க ஆரம்பித்தார். பெரிய அத்தானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, அது பிடிக்கவில்லை. "நமக்குத் தெரிஞ்சது நெசவு. வெளுக்கறதும் விக்கறதும் வேற தொழில்" என்றார். இவர் ஏதோ பதில் சொன்னார். அந்தப் பதில் என்னவென்று இரண்டு பேருமே எங்களிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒரே செட்டில் நின்றுகொண்டு, நடுவில் ஆள் வைத்துப் பேசினார்கள்.

"நூல் வந்துருச்சான்னு அவன்கிட்டக் கேளு" என்பார் பெரிய அத்தான், தம்பி மூன்றடி தூரத்தில் நிற்கும்போது.

"வந்துருச்சுன்னு சொல்லு" என்பார் இவர்.

நடுவில் நிற்பது நானாக இருந்தால் சொல்லிவிடுவேன். அக்காவாக இருந்தால், "எனக்கு வேற சோலி இல்ல? ஒங்க ரெண்டு பேருக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இருவரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். இருவரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனாலும் பேச மாட்டார்கள்.

சின்ன ஊரில் இது எவ்வளவு நாள் மறைந்திருக்கும்? அண்ணன் தம்பி பிரியப் போகிறார்கள், செட்டு இரண்டாகப் போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. கடைத்தெருவில் ஒருவர் என்னிடமே கேட்டார். "ஏம்மா, தறியெல்லாம் பாகம் பிரிச்சாச்சாமே?" எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கத்துகிற சத்தம் ஊருக்கே கேட்கிறது, அது இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் அனுப்புகிறவர். நாங்கள் வெளுத்த துணியின் மாதிரியை என் வீட்டுக்காரர் யார் மூலமோ அவருக்குச் சேர்த்திருந்தார். வேறு வேலையாக மதுரை வரை வந்தவர், எங்கள் செட்டையும் நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ராஜபாளையத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார். பத்து மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் எட்டரைக்கே வந்துவிட்டார்.

எட்டரைக்கு நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உச்சக்குரலில் இருந்தோம். அவருக்குக் காட்டுவதற்காக முந்தின நாளே நான் வெளுத்த துணியைக் கொடியில் போட்டிருந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் துணிக்கு நேர் கீழே அக்கா தன் ஊரிலிருந்து வந்த மிளகாய் வத்தலைப் பரப்பி வைத்திருக்கிறாள். மல்லிப்பூ போல வெள்ளையாக ஆடுகிற துணி, அதன் அடியில் சிவப்பாய் வத்தல்.

"அக்கா, இது புண்ணுல வச்சுக் கட்டுற துணி! இதுல மொளகாய் நெடி ஏறினா என்ன ஆகும்?"

"மாடி என்ன ஒங்க அப்பா வீட்டுச் சீரா? வத்தலுக்கு வெயில் வேண்டாமா? ஒன் துணிய அந்தப் பக்கம் கட்டேன்!"

"நேத்து நான் கட்டும்போது இங்க வத்தல் இல்லையே!"

"இன்னைக்கு இருக்குல்ல!"

மாடிப்படியில் காலடிச் சத்தம். திரும்பினால் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர். அவருக்கும் பின்னால், வேண்டாவெறுப்பாக ஏறி வந்த பெரிய அத்தான். வந்தவரைக் கீழே உட்கார வைக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். அவரோ துணி எங்கே காய்கிறது என்று கேட்டுவிட்டு நேராக ஏறிவிட்டார்.

அவர் கொடியருகில் போனார். துணியை விரலுக்கிடையில் வைத்து ஒளியில் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து அதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கீழே கிடந்த வத்தலையும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். இவருக்குக் கொஞ்சம் புரியும், பதில் சொல்ல வராது. என் பக்கம் திரும்பினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். கத்தி முடித்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

துணி நன்றாக இருக்கிறது என்றார் வியாபாரி. விலையும் ஒத்துவரும். ஆனால் ஒரு விஷயம். "நேற்று லாட்ஜிலும் கடைத்தெருவிலும் விசாரித்தேன். இந்தக் குடும்பத்தில் டிஸ்யூனியன் என்கிறார்கள். இப்போது என் காதாலேயே கேட்டுவிட்டேன். நான் ஆர்டர் கொடுத்து, பாதியில் நீங்கள் இரண்டாகிவிட்டால் என் ஆஸ்பத்திரிகளுக்கு யார் துணி கொடுப்பார்கள்?"

மரியாதையாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வியும்கூட. எனக்கு ஏனோ அந்த நிமிஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு கண்முன் வந்தது. என் அப்பாவும் சித்தப்பாவும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஒரு ஆடிப்பூரம் முடிந்த மறுவாரம், சித்தப்பா குடும்பம் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அப்புறம் தேர் பார்க்கப் போனால்கூட அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஒரு தட்டுகூட உடையாமல் ஒரு குடும்பம் இரண்டாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

"சார், நீங்கள் சொன்ன சொல் தவறு" என்றேன் ஆங்கிலத்தில். கல்லூரியில் ஆசிரியரிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. "இங்கே இருப்பது டிஸ்யூனிட்டி. டிஸ்யூனியன் இல்லை."

அவர் புருவத்தை உயர்த்தினார். "இரண்டும் ஒன்றுதானே?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அந்த மனுசன் என்ன சொல்லுதாரு? யூனியன் யூனியன்னு காதுல விழுது. மில்லு யூனியனப் பத்தியா?"

அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாக விளங்கியது. "மில்லு யூனியன் மாதிரியே வச்சுக்குங்க அக்கா. உள்ளுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு பேசி அடிச்சுக்கிட்டாலும் யூனியன் ஒண்ணாத்தான இருக்கு? அதுக்கு டிஸ்யூனிட்டின்னு ஒரு சொல்லு. யூனியனே ரெண்டா ஒடஞ்சு, ஆளுக்கொரு கொடி புடிச்சுட்டுப் போயிட்டா, அதுக்கு டிஸ்யூனியன்னு வேற சொல்லு. நம்ம வீட்டுல அந்த ரெண்டாவது வந்துருச்சான்னு கேக்காரு. நாம பிரிஞ்சு போயிட்டா அவருக்குத் துணி எப்படி வரும்னு கேக்காரு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். நேராக அவரிடமே, தமிழிலேயே சொன்னாள்.

"யாரு பிரியறது? நாங்க சண்டை போடுவோம்யா. இன்னைக்கும் போடுவோம், நாளைக்கும் போடுவோம். அதுக்காவ எதுக்குப் பிரியணும்? பிரிஞ்சு போயிட்டா நான் யாருகூடச் சண்டை போட?"

நான் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு கணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பெரிதாகி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் வீட்டிலும் இப்படி இரண்டு பேர் உண்டு என்றார்.

சிரித்து முடித்ததும் அவர் அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். "பெண்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" நான் மொழிபெயர்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பெரிய அத்தான் தொண்டையைச் செருமினார்.

"ஏலே" என்றார், தன் தம்பியைப் பார்த்து. "வந்தவரை வெயில்ல நிக்க வச்சுருக்க. கீழ கூட்டிட்டுப் போ. எளநி வெட்டச் சொல்லு."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து நேராக வந்த முதல் பேச்சு அது. "சரிண்ணே" என்றார் இவர். அவர் படியிறங்கினார் என்பதைவிடத் தாவினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வியாபாரி ஒரு சோதனை ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். குறித்த நாளுக்குள் துணி பம்பாய் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால் மேற்கொண்டு பேசலாம் என்பது ஏற்பாடு. தீபாவளி முடிந்த கையோடு நெசவு முடிந்தது. வெளுப்பும் முடிந்தது. அலசித் துவைத்துக் காயப்போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது மழை பிடித்தது.

ராஜபாளையத்து மழை மலையைப் பிடித்துக்கொண்டு பெய்வது. மேற்கே மலை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மேகம் மூடிவிட்டது. அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் வெள்ளம், அந்தப் பக்கம் யாரும் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் செட்டில் ஈரத்துணி மலைபோல் குவிந்து கிடந்தது. வீட்டுக்குள் கொடி கட்டினோம், தறிகளுக்கு மேலே கொடி கட்டினோம், படுக்கிற அறையில்கூடக் கட்டினோம். அந்தத் துணிக்கு வெயில் வேண்டும். ஈரத்திலேயே கிடந்தால் மஞ்சள் பூக்கும், வாடை அடிக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் வாசலுக்கும் செட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். 'காடாவாகவே கொடுத்திருந்தால் இந்த வம்பு உண்டா' என்று பெரிய அத்தான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

மறுநாள் காலையில் ஈரத்துணிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு அக்கா சொன்னாள். "ஆலங்குளத்துக்குக் கொண்டு போவோம்."

அவளுடைய தங்கையை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து கிழக்கே போகப் போக மழை குறையும். மலை தூரமாகிவிடும், மானாவாரிக் காடாக விரியும். அங்கே பொட்டு மழை இல்லை, வெயில் அடிக்கிறது என்று அன்று காலை பஸ்ஸில் வந்தவர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடனே பற்றிக்கொண்டது. "அங்கயா? சுண்ணாம்புக்கல்லு வெட்டுற எடம் அக்கா. கல்லு ஏத்திட்டுப் போற லாரி கெளப்புற புழுதி போதாதா? வெள்ளத் துணிய அங்க விரிச்சா மாவு சலிச்ச மாதிரி தூசி படியும். அப்புறம் திரும்ப அலசணும்."

"இங்க கெடந்து அழுகுறதுக்கு அங்க போய்த் தூசி படட்டும்!"

"தூசி பட்ட துணிய யாரு வாங்குவா?"

"அழுகின துணிய யாரு வாங்குவா?"

"புழுதி இல்லாத எடமாப் பாருங்க!"

"தூசி என்ன ஊரு பூரா நின்னுக்கிட்டா இருக்கு? காத்து போற பக்கம்தானட்டி போவும்!"

நான் வாயைத் திறந்தேன். அப்படியே நின்றேன். "காத்து இப்ப எந்தப் பக்கமிருந்து அடிக்கு?" என்று கேட்டேன்.

"வாடைக் காத்து. வடக்க இருந்துதான்."

"அப்பன்னா ரோட்டுக்கு வடக்க விரிச்சா?"

"தூசி தெக்க போயிரும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னை முறைத்தாள். "அதத்தான நானும் சொல்லுதேன்!"

அவள் அதைச் சொல்லவே இல்லை. நானும் முழுசாகச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் கத்தியதில் நடுவிலிருந்து அது வந்தது. அமைதியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

பெரிய அத்தான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செத்த நேரத்தில் தெரிந்தவர் லாரி ஒன்று தெருவில் வந்து நின்றது. தார்ப்பாய் போட்டு ஈரத்துணியை ஏற்றினோம். மூங்கில் கம்பும் கயிறும் ஏற்றினோம். செட்டில் வேலை பார்க்கும் பெண்கள் பின்னால் ஏறிக்கொள்ள, அக்காவும் நானும் அவர்களோடு தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தோம். அண்ணனும் தம்பியும் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். மழை தார்ப்பாயைப் போட்டு அடித்துக்கொண்டே வந்தது. பிறகு அடி மெலிந்தது, நின்றது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். நீல வானம்.

அக்காவின் தங்கை வீட்டு நிலம் தரிசாகக் கிடந்தது. லாரிகள் போகும் ரோட்டுக்கு நல்ல வடக்கே. அக்கா குனிந்து மண்ணை ஒரு பிடி அள்ளி மேலே விட்டுப் பார்த்தாள். தெற்கே பறந்தது. அவள் என்னைப் பார்க்க, நான் தலையாட்டினேன். ஆனால் நிலம் முழுக்கக் கருவேல முள். அந்தத் துணி ஒரு முள் பட்டாலே இழை இழுத்துவிடும். பெண்கள் எல்லோரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முள்ளைப் பொறுக்கி ஒதுக்கினோம். அண்ணனும் தம்பியும் கம்பு நட்டார்கள். கயிற்றின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தம்பி கையில்.

"இழுலே."

"போதுமாண்ணே?"

"இன்னும் இழு. தொய்யுது."

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள். அக்கா ஈரத்துணியின் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மறு நுனியைப் பிடித்து உதறிக் கொடியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரிசல் காட்டில் வரிசை வரிசையாக வெள்ளைத் துணி. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் ஒரு ஆட்டு மந்தை வந்தது. எங்கிருந்து வந்ததோ, நேராகக் கொடியைப் பார்த்து வந்தது. மேய்க்கிறவர் எங்கோ தொலைவில் வருகிறார். ஆடு வாய் வைத்தால் துணி போச்சு. நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் அக்காவின் குரல் போய்ச் சேர்ந்தது. "ஏஏஏய்!" என்று ஒரு சத்தம். முன்னால் வந்த ஆடு அப்படியே நின்றது. பின்னால் வந்தவை அதன்மேல் மோதின. மொத்த மந்தையும் திரும்பி ஓடியது. மேய்க்கிறவர்கூட நின்றுவிட்டார். செட்டுப் பெண்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான்.

"என்னட்டி சிரிப்பு?" என்றாள் அக்கா.

"புதுப்பட்டிக்கே கேட்டுருக்கும் அக்கா."

"கேக்கட்டும்" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் சாய்வதற்குள் துணி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. மடித்து அடுக்கும்போது நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். வெயில் வாசனை தவிர ஒன்றுமில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. அக்காவின் தங்கை கம்பஞ்சோறும் மோரும் கொண்டுவந்தாள். கையில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ராஜபாளையத்தில் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த நாட்களில் வெட்டிச் சுருட்டிக் கட்டினோம். பொட்டலங்களின் மேல் ஆங்கிலத்தில் எழுதியது நான். மாடியில் பேசியதற்குப் பிறகு மறுபடியும் என் படிப்புக்கு வேலை வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்று கோணலாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தாள். கோணல் இல்லை என்று நான் சொன்னேன். அதற்கும் ஒரு சண்டை. துணி குறித்த நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. மறு ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகு அந்த வியாபாரி வேறு யாரிடமும் வாங்கவில்லை என்று பெரிய அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெளுப்பு வேண்டாம் என்றவர் அவர்தான்.

கடைத்தெருவில் அதே ஆள் ஒருநாள் மறுபடியும் என்னைக் கண்டு, "என்னம்மா, எல்லாம் சேந்துட்டியளாமே?" என்றார்.

"நாங்க எப்ப பிரிஞ்சோம்?" என்றேன். அந்தத் தெருவில் அன்று நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிடிக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் பிள்ளைகள் பெரிதாகி வீடு கொள்ளாமல் போயிற்று. செட்டும் பெரிதாகி, வீட்டின் பாதியை விழுங்கியிருந்தது. பக்கத்திலேயே இடம் வாங்கி எங்களுக்கு ஒரு வீடு கட்டினோம். நடுவில் ஒரு மதில்தான். செட்டு, தொட்டி, துணி எல்லாம் பொதுவாகவே இருந்தன. சமையல் மட்டும் தனி. அது யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் முடிவானது. அக்காதான் கொத்தனாரை விரட்டி வேலை வாங்கினாள். அடுப்பு மேடை எந்தப் பக்கம் என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவள் சொன்ன பக்கம்தான் வைத்தோம்.

பால் காய்ச்சிய மறுநாள் நான் முதல்முறையாக என் குடும்பத்துக்கு மட்டும் சமைத்தேன். அரிசி அளக்கும்போது, அக்கா வடிக்க அளந்து கொடுத்த பழக்கத்திலேயே கை போயிற்று. வடித்துப் பார்த்தால் பெரிய வீட்டுக்கே போதும்போலச் சோறு. பாத்திரத்தோடு மதில் பக்கம் போய்க் கூப்பிட்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இது? நாலு பேருக்கு வடிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"எப்படித் தெரியும்? இத்தன வருசம் சோறு நீங்கதான வடிச்சிய. எனக்குக் கொழம்பு மட்டும்தான் விட்டிய."

"நான் விடலயா? நீதான் சோத்துப் பக்கம் வரமாட்டேன்னு நின்ன!"

"நானா? எப்ப?"

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் இருவரும் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. பேசிக்கொண்டே அவள் கையை நீட்டிச் சோற்றுப் பாத்திரத்தை வாங்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.